ஏற்காட்டிலிருந்து வேளாங்கண்ணிக்கு: வழியிலுள்ள கடற்கரைகளையும் பழைய ஊர்களையும் நான்கு நாளில் பார்க்க ஆலோசனை தேவை

கேள்வி: காப்பித்தோட்டக் கணக்கர், ஏற்காடு

அனைவருக்கும் வணக்கம். சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தார் வேளாங்கண்ணிக்குப் போய்வருவது நெடுநாள் வழக்கம். ஆனால் ஒவ்வொரு முறையும் சேலத்தில் இரவுப் பேருந்து ஏறி, விடியற்காலையில் மாதா கோயில் வாசலில் இறங்கி, திருப்பலி முடிந்ததும் கடலில் காலை நனைத்துவிட்டு, அன்றிரவே ஊர் திரும்பிவிடுவோம். இடையிலுள்ள ஊர்கள் எங்களுக்கு இருட்டில் கடந்துபோன பெயர்ப்பலகைகள் மட்டுமே. இம்முறை சொந்தக் காரில், பகலில், வழியெல்லாம் பார்த்துக்கொண்டு போக விரும்புகிறோம்.

எழுபது வயதைத் தாண்டிய என் தாயார், மனைவி, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகன் ஆகியோருடன் நானும் சேர்த்து ஐந்து பேர் வருகிறோம். தாயாருக்கு முழங்கால் வலி உண்டு. சமதரையில் மெல்ல நடப்பார், படி ஏறுவது கடினம். மகளுக்கு வரலாற்றிலும் தாவரங்களிலும் ஆர்வம் மிகுதி. இங்குள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தோட்டத்தில் இருக்கும் குடுவைத் தாவரத்தைப் பார்ப்பதற்காகவே என்னைப் பலமுறை அழைத்துச் சென்றிருக்கிறாள். மகனுக்குக் கடலில் குளிக்க வேண்டும், அவ்வளவுதான்.

தை மாதம் முடியும்வரை தோட்டத்தில் பழம் பறிப்பு இருப்பதால் பொங்கல் விடுமுறையிலோ குடியரசு நாள் விடுமுறையிலோ என்னால் நகர முடியாது. மே மாதக் கோடை விழாக் கூட்டத்தின்போது மலையை விட்டு இறங்கலாம் என்றால், மலைக் குளிரில் பழகிய தாயார் கடலோர வெயிலைத் தாங்குவாரா என்ற அச்சம் இருக்கிறது. ஆகவே பிப்ரவரி மாதத்தின் மூன்றாம் வாரத்தில், பிள்ளைகளுக்கு இரண்டு நாள் விடுப்புச் சொல்லி, வியாழன் முதல் ஞாயிறு வரை என்று முடிவு செய்துள்ளோம்.

பிச்சாவரம், பூம்புகார், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, கோடியக்கரை ஆகிய ஐந்தையும் இந்த நான்கு நாளில் பார்க்க இயலுமா? ஆத்தூர், விருத்தாசலம் வழியாகப் போவது நல்லதா, அல்லது திருச்சி, தஞ்சாவூர் வழியாகவா? மாமல்லபுரம் போனால் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று தோட்டத்தில் சிலர் சொல்கிறார்கள். அதைப் பற்றியும் கருத்துத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: அம்மாபேட்டைவாசி, சேலம்

தோட்டத்தில் உங்களுக்குச் சொன்னவர்கள் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். முதல்முறையாகப் பிள்ளைகளைக் கடலோர வரலாற்றுச் சின்னங்களுக்கு அழைத்துச் செல்பவர் மாமல்லபுரத்தில் தொடங்குவதே முறை என்பது என் கருத்து. கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள், அர்ச்சுனன் தபசு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று மிக அருகில் உள்ளன. பெரும்பாலும் சமதரையே என்பதால் உங்கள் தாயாருக்கும் சிரமம் குறைவு. 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம் இது. ஒரே பாறையில் யானைக் கூட்டமும், முனிவர்களும், தவம் செய்வதுபோல் நடிக்கும் பூனையும் செதுக்கப்பட்டிருப்பதை உங்கள் மகனுக்குக் காட்டினால் அவன் கடலைச் சிறிது நேரமாவது மறப்பான்.

அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் வடநெம்மேலியில் 1976இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணையும், முட்டுக்காட்டில் தென்னிந்திய மரபு வீடுகளைப் பெயர்த்தெடுத்து வந்து மீண்டும் கட்டி வைத்திருக்கும் தட்சிணசித்ராவும் உள்ளன. முன்னதற்குத் திங்களும் பின்னதற்குச் செவ்வாயும் விடுமுறை. உங்கள் வியாழன் முதல் ஞாயிறு திட்டத்துக்கு இரண்டுமே தடையில்லை. கோவளம் கடற்கரை தூய்மைக்கும் பாதுகாப்புக்குமான நீலக்கொடிச் சான்று பெற்றது.

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை, செங்கல்பட்டு வழியாக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும்; ஆயினும் பெரும்பாலும் நல்ல நான்குவழிச் சாலை. வேளாங்கண்ணியை வழக்கம்போல் வேறொரு முறை தனியே வைத்துக்கொள்ளலாம்.

மறுமொழி: வசிஷ்டநதிக்கரையான், ஆத்தூர்

மாமல்லபுரத்தின் பெருமையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கேட்டவரின் பயணத்துக்கு அச்சாணி வேளாங்கண்ணி. அதைக் கழற்றிவிட்டு வேறு பயணத்தைப் பரிந்துரைப்பது கேள்விக்கு விடையாகாது. மேலும் மாமல்லபுரத்தைப் பள்ளிச் சுற்றுலாவிலாவது பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள். தரங்கம்பாடிக்குச் சேலத்துப் பள்ளி எதுவும் அழைத்துப் போய் நான் பார்த்ததில்லை.

சேலம் மாவட்டத்துக்காரர் கடலுக்குப் போக இயல்பான வழி எது என்று கேட்டால், எங்கள் ஆற்றைத் தொடர்ந்து போங்கள் என்பேன். ஆத்தூரைக் கடந்து ஓடும் வசிஷ்ட நதி, சுவேத நதியுடன் சேர்ந்து வெள்ளாறாகி, பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கிறது. அதன் முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்கும் இடையில்தான் பிச்சாவரம் அலையாத்திக் காடு கிடக்கிறது. அதாவது உங்கள் மலையின் தென்கிழக்குத் தாழ்வாரத்தில் பெய்யும் மழையில் ஒரு பங்கு முடியும் இடத்தைத்தான் பார்க்கப் போகிறீர்கள். ஆத்தூர், சின்னசேலம், வேப்பூர், விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம் ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். போகும்போது இவ்வழி, திரும்பும்போது தஞ்சாவூர், திருச்சி, நாமக்கல் வழி என்று வைத்துக்கொண்டால் ஒரே சாலையை இருமுறை பார்க்க வேண்டியதில்லை.

வியாழன் விடியலில் மலையிறங்கினால் நண்பகலில் சிதம்பரம் சேரலாம். நேரமிருந்தால் சேத்தியாத்தோப்பிலிருந்து தெற்கே திரும்பி, பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட வீராணம் ஏரியின் கரைவழியே காட்டுமன்னார்கோயில் சென்று வரலாம். கொஞ்சம் சுற்றுதான், ஆனால் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியை வண்டியில் உட்கார்ந்தபடியே நெடுந்தொலைவு பார்க்கலாம் என்பதால் தாயாருக்கு ஏற்றது. நடராசர் கோயிலில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். ஆகவே முதலில் அறையில் ஓய்வெடுத்து, மாலையில் கோயிலுக்குச் செல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை பிச்சாவரம். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பெரும்பாலோர் இங்கே போய், மோட்டார் படகில் அகன்ற வாய்க்காலில் ஒரு சுற்றுச் சுற்றி, படத்தில் பார்த்ததுபோல் இல்லையே என்று திரும்பிவிடுகிறார்கள். காட்டின் அழகு குறுகிய ஓடைகளுக்குள் இருக்கிறது. அங்கே துடுப்புப் படகு மட்டுமே நுழையும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாமில் சீட்டு வாங்கும்போதே துடுப்புப் படகு வேண்டும், ஓடைகளுக்குள் போக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். காலையில் திறந்தவுடன் போய்விட்டால் வெயிலும் இல்லை, வரிசையும் இல்லை. எல்லாரும் லைஃப் ஜாக்கெட் அணிந்தாக வேண்டும். தாயாருக்கும் பொருந்தும் அளவு பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகளுக்கு அங்கே பார்க்க நிறைய உண்டு. சுரபுன்னையின் வேர்கள் தண்டிலிருந்து வளைந்து இறங்கி மரத்தைத் தாங்கி நிற்கும். வெண்கண்டலின் வேர்களோ சேற்றிலிருந்து விரல்விரலாக மேல்நோக்கி முளைத்து நிற்கும். உப்புச் சேற்றில் காற்று இல்லாததால் வேருக்கு மூச்சு மேலிருந்துதான் கிடைக்கிறது. சிதம்பரத்தின் தலமரமான தில்லையும் இக்காட்டின் ஓரங்களில் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்பதால், இலையைக் கிள்ளிப் பார்க்கும் பழக்கம் உள்ள பிள்ளையாக இருந்தால் முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள்.

இக்காடு ஒரு காலத்தில் வேகமாகச் சுருங்கியது. ஆங்கிலேயர் ஆட்சி முதலே பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டி எடுக்கும் முறை இருந்தது. வெட்டிய இடத்தில் மண் உலர்ந்து அமிழ்ந்து, பள்ளத்தில் கடலேற்றத்தில் வரும் ஓதநீர் தேங்கி, வெயிலில் வற்ற வற்ற உப்பு மிகுந்து, எந்தக் கன்றும் பிழைக்காத தரிசானது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து அந்தப் பள்ளங்களுக்குள் மீன்முள் வடிவில் வாய்க்கால்களை வெட்டி, ஓதம் ஏறவும் இறங்கவும் வழிசெய்த பிறகே நட்ட கன்றுகள் பிழைத்தன. படகோட்டி ஓடையைக் காட்டும்போது இந்த வாய்க்கால்களையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

பக்கத்திலுள்ள பரங்கிப்பேட்டைக்கும் நம் ஊருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830 வாக்கில் அங்கே இரும்பு ஆலை ஒன்றை நிறுவினார். அதற்கான தாது சேலம் பகுதியிலிருந்து சென்றது. கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலை வருவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நம் மண் கடற்கரையில் உருகியிருக்கிறது. அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் அதன் அருங்காட்சியகமும் உள்ளன. வேலைநாளில் முன்கூட்டியே கேட்டுவிட்டுச் செல்வது நல்லது.

வெள்ளி மாலை பூம்புகார் வழியாகத் தரங்கம்பாடி சென்று அங்கேயே இரவு தங்குங்கள். தரங்கம்பாடிக்குக் கட்டாயம் ஒரு விடியற்காலையை ஒதுக்க வேண்டும் என்பதே என் முதன்மையான பரிந்துரை. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்பர்க் கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. நாயக்கர் டென்மார்க் மன்னருக்கு எழுதிய தங்க ஓலை இன்றும் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்படுகிறது. 1706 ஜூலையில் இங்கே வந்திறங்கிய லுத்தரன் சபை மறைப்பணியாளர் சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் அமைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். அச்சுக்குத் தாள் போதாமல் பக்கத்தில் தாள் பட்டறையே வைத்தார்கள். பொறையாறு அருகே கடுதாசிப்பட்டறை என்ற ஊர் இன்னும் இருக்கிறது. அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718ஆம் ஆண்டினது. உங்கள் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தாலும், தமிழ் எழுத்து ஈய அச்சில் ஏறிய தெருவில் நடப்பது யாருக்கும் மகிழ்ச்சி தரும். டேனிஷ்காரர்கள் 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். வாணிகம் நாகப்பட்டினத்துக்கு நகர்ந்தது. அதனால்தான் ஊர்வாயிலும் அகன்ற தெருக்களும் இடிபடாமல் தப்பின.

கோட்டைக்கு வடக்கே, பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது. இப்போது கரையோரம் கருங்கற்களைக் குவித்து அரிப்பைத் தடுத்துள்ளனர். அந்தக் கற்களின்மேல் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். பாசி படிந்து வழுக்கும்.

கோட்டைக்குள் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உண்டு. அரசு அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதாலும் நான் சனிக்கிழமைக் காலையை இதற்குச் சொல்கிறேன். சனி நண்பகலில் புறப்பட்டால் காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் கடந்து மாலைத் திருப்பலிக்கு வேளாங்கண்ணி சேர்ந்துவிடலாம். ஞாயிறு காலை அங்கிருந்து வீடு நோக்கி.

கோடியக்கரை இந்தக் கணக்கில் அடங்காது. அதை விட்டுவிடுங்கள்.

மறுமொழி: செவ்வாய்ப்பேட்டைக்காரர், சேலம்

தாயாரால் ஐந்து மணி நேரம் காரில் கால்மடக்கி உட்கார இயலாது என்றால் இன்னொரு வழியும் உண்டு. பெங்களூரு–காரைக்கால் ரயில் சேலம், ஆத்தூர், விருத்தாசலம், சிதம்பரம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் வழியாகச் செல்கிறது. தாயாரும் மனைவியும் ரயிலில் வர, நீங்கள் பிள்ளைகளுடன் காரில் போய்ச் சிதம்பரத்தில் சேர்ந்துகொள்ளலாம். ரயிலில் எழுந்து நடக்க முடியும் என்பதே முழங்கால் வலிக்காரருக்குப் பெரிய வசதி. நேரத்தை ரயில்வே தளத்தில் பார்த்துக்கொள்ளவும், அவ்வப்போது மாற்றுகிறார்கள்.

மறுமொழி: மூக்கனேரிப் பறவை, கன்னங்குறிச்சி

ஆத்தூர் நண்பர் மற்றவற்றை நிதானமாக விளக்கிவிட்டு, கோடியக்கரையை ஒரு வரியில் தள்ளிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. பிப்ரவரி மாதத்தில் சோழமண்டலக் கரைக்குப் போகும் ஒருவர் கோடியக்கரையைப் பார்க்காமல் திரும்புவது, வாய்த்த பருவத்தை வீணாக்குவதாகும். வலசை வரும் பறவைகள் இன்னும் அங்கேதான் இருக்கும். மார்ச் ஏறஏறக் குறையத் தொடங்கிவிடும். 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற இடம் இது. தமிழ்நாட்டில் வெளிமான் கூட்டம் திறந்த புல்வெளியில் ஓடுவதை இவ்வளவு எளிதாகக் காணக்கூடிய கடற்கரை வேறு இல்லை. முறுக்கிய நீண்ட கொம்பும் கறுத்த முதுகும் உடையது ஆணான கலை. பழுப்பு நிறமாகக் கொம்பில்லாமல் இருப்பது பெண்ணான பிணை. ஒரு காலத்தில் வீட்டு விலங்காக இருந்து காட்டில் பெருகிய குதிரைகளும் அதே வெளியில் மேய்கின்றன. உப்பளங்களை ஒட்டிய சதுப்பில் பூநாரைகள் நிற்கும். உங்கள் மகளிடம் ஒரு சாதாரண இருகண் நோக்கியைக் கொடுத்துவிட்டால் போதும், வண்டியை விட்டு இறங்கவே மாட்டாள். தாவரத்தில் ஆர்வம் உள்ள பிள்ளை என்றால், உப்புக் காற்றில் குட்டையாகப் படர்ந்து ஆண்டு முழுவதும் இலை உதிராமல் நிற்கும் வறண்ட பசுமைமாறாக் காட்டையும் பார்க்க வேண்டும். சேர்வராயன் மலைச் சோலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது முற்றிலும் வேறு உலகம்.

தாயாருக்கும் இதுவே எளிது. படகில் ஏறி இறங்க வேண்டாம், கோட்டைப் படி ஏற வேண்டாம். வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்கி, வண்டியில் அமர்ந்தபடியே பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். காலையில் திறந்ததும் உள்ளே போய்விட வேண்டும். பத்து மணிக்குமேல் மான்கள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும்.

வரலாறும் குறைவில்லை. வழியிலுள்ள வேதாரண்யம், அகத்தியம்பள்ளியில் 1930 ஏப்ரலில் இராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார். திருச்சியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் ஏப்ரல் 13 அன்று புறப்பட்டு, மாத இறுதியில் வந்து சேர்ந்த நடைப்பயணம் அது; அதற்கு வழிநடைப் பாடல் எழுதித் தந்தவர் நம் பக்கத்து ஊரான நாமக்கல்லின் கவிஞர். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் இராஜாஜி என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அகத்தியம்பள்ளியில் நினைவுத்தூண் இருக்கிறது. அதைச் சுற்றி இன்றும் உப்பளங்கள். பாடப்புத்தகத்தில் இரண்டு வரியாகப் படித்ததை உப்புக் குவியலுக்கு நடுவே நின்று பார்க்கட்டும்.

என் திட்டம் இது: பூம்புகாரை எடுத்துவிடுங்கள். வெள்ளி நண்பகலில் பிச்சாவரத்திலிருந்து நேரே தரங்கம்பாடி. சனி காலை கோட்டையைப் பார்த்துவிட்டு வேளாங்கண்ணி. ஞாயிறு இருட்டிலேயே புறப்பட்டுக் கோடியக்கரை. முற்பகலில் அங்கிருந்து தஞ்சாவூர் வழியாகத் திரும்புங்கள். களைப்பாகத்தான் இருக்கும், ஆனால் முடியும்.

கேள்வி கேட்டவர்: காப்பித்தோட்டக் கணக்கர்

விரிவான மறுமொழிகளுக்கு நன்றி. மகள் இரண்டு திட்டங்களையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு வீட்டில் வாக்கெடுப்பே நடத்திவிட்டாள். எனக்கு இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. ஒன்று, மகனின் கடல் குளியலுக்கு இந்த வரிசையில் எந்தக் கடற்கரை பாதுகாப்பானது? இரண்டு, பூம்புகாரைப் பிப்ரவரியில் விடுவது உண்மையிலேயே இழப்பா? காவிரி கடலில் கலக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் தாயாரின் விருப்பம். மேட்டூர் அணையை ஆண்டுதோறும் பார்ப்பவர் அவர்.

மறுமொழி: வசிஷ்டநதிக்கரையான், ஆத்தூர்

முதலில் குளியல். இந்த வரிசையிலுள்ள எந்தக் கடற்கரையிலும் பத்து வயதுப் பையனை இடுப்பளவு நீருக்குள் விட நான் சம்மதிக்க மாட்டேன். கரை சரிவாக இறங்குகிறது. அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கிறது. ஏரியிலும் நீச்சல் குளத்திலும் நீந்தக் கற்றவனுக்கு அந்த இழுப்புப் புரியாது. பூம்புகாரிலும் தரங்கம்பாடியிலும் நீருக்கடியில் தடுப்புக் கற்கள் வேறு கிடக்கின்றன. முகத்துவாரங்களில் ஆறும் கடலும் சந்திப்பதால் மணல்திட்டு நாளுக்கு நாள் இடம் மாறும்; நேற்று முழங்காலளவு இருந்த இடம் இன்று ஆளை மூழ்கடிக்கும். வேளாங்கண்ணியில் கூட்டமும் காவலர்களும் இருக்கும் பகுதியில், காலை வேளையில், நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் மட்டும் நனைய நிற்கலாம். சிவப்புக் கொடியோ எச்சரிக்கைப் பலகையோ இருந்தால் அதுவும் வேண்டாம். பையனுக்கு ஏமாற்றமாக இருந்தால், பிச்சாவரத்து ஓடையில் படகோட்டியின் மேற்பார்வையில் துடுப்பைச் சிறிது நேரம் அவன் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

இனிப் பூம்புகார். மேட்டூரிலிருந்து பாசனத்துக்கு நீர் திறப்பது வழக்கமாக ஜூன் 12. அடைப்பது ஜனவரி 28. நீங்கள் போகும் பிப்ரவரியில் காவிரியின் கடைசிப் பகுதியில் ஓடும் நீர் இருக்காது. முகத்துவாரத்தில் நிற்பது பெரும்பாலும் கடலிலிருந்து ஏறிய உப்புநீர். அதற்கு மேலேயே காவிரி கல்லணையில் பலவாகப் பிரிந்து, வெள்ளநீரின் பெரும்பங்கு கொள்ளிடத்தில் போய்விடுவதால், பூம்புகாரை எட்டும் காவிரி மழைக்காலத்திலும் ஒரு வாய்க்கால் அகலமே. மேட்டூரில் 120 அடி நீரைப் பார்த்த உங்கள் தாயார், இதுதானா அந்த ஆறு என்று கேட்டால் வியப்பதற்கில்லை. அவர் விருப்பம் ஆறும் கடலும் சேர்வதைக் காண்பது என்றால், நீர் திறந்தபின் அது காவிரியின் கடைசித் தடுப்பணையான மேலையூர் கடையணைக்கு வந்து சேர்ந்த செய்தி நாளிதழில் வந்ததும் புறப்படுங்கள். விவசாயிகள் பூவும் விதைநெல்லும் தூவி வரவேற்பதையும் காணலாம். ஆடிப்பெருக்கன்று மட்டும் வேண்டாம், மேட்டூரைப் போலவே அங்கும் நிற்க இடமிருக்காது.

ஆயினும் ஊரின் வரலாற்றுக்காகப் போவதென்றால் பருவம் தடையில்லை. 1973இல் திறக்கப்பட்ட ஏழு நிலைச் சிலப்பதிகாரக் கலைக்கூடமும், கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறையும், பல்லவனேச்சரத்துப் புத்த விகாரத்தின் அடித்தளமும் எப்போதும் அங்கேதான் இருக்கின்றன. கலைக்கூடத்தில் அண்மை ஆண்டுகளில் புதுப்பிக்கும் பணி நடந்ததால் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

ஆகவே, பறவை நண்பர் சொன்னபடி இம்முறை பூம்புகாரைக் கழித்துவிட்டுக் கோடியக்கரையைச் சேர்ப்பதில் எனக்கு இப்போது மறுப்பில்லை. அவர் சொன்ன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு உடன்பாடில்லை. கோடியக்கரையிலிருந்து ஏற்காடு வரை ஒரே நாளில் ஓட்டிவந்து, களைத்த கண்ணோடு இருட்டில் இருபது கொண்டையூசி வளைவுகளில் ஏறுவது அறிவுடைமையாகாது. சனி நண்பகலிலேயே வேளாங்கண்ணியில் திருப்பலி முடித்து, அன்று மாலையே வேதாரண்யம் போய்த் தங்குங்கள். ஞாயிறு ஒன்பது மணிக்குள் சரணாலயத்தை முடித்துவிடலாம். அப்படியும் சேலம் சேர மாலை மங்கிவிட்டால் அடிவாரத்தில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டுத் திங்கள் காலை மலையேறுங்கள்.

போகும் தேதியை உறுதி செய்யுமுன் பஞ்சாங்கத்தில் மாசி மகம் என்றைக்கு வருகிறது என்று பார்த்துக்கொள்ளவும். அன்று கடலோர ஊர்கள் எல்லாவற்றிலும் சுவாமி தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு எழுந்தருளுவதால் அறை கிடைக்காது, சாலையும் நகராது. மாறாக, கூட்டத்தைப் பொருட்படுத்தாதவர் என்றால் அதற்காகவே போகலாம்: ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் பிச்சாவரத்தை அடுத்த கிள்ளைக்கு வரும்போது அங்குள்ள இசுலாமியர்கள் சீர் கொடுத்து வரவேற்பார்கள்.

மறுமொழி: அம்மாபேட்டைவாசி, சேலம்

மாமல்லபுரத்துக்கு இங்கே வாக்கு விழாது என்று தெரிகிறது. வெயிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், ஒருவரும் விடை சொல்லவில்லை. பிப்ரவரியில் கடலோரப் பகல் முப்பது பாகையை ஒட்டியே இருக்கும். ஆனால் ஏற்காட்டுக்காரரை வாட்டுவது வெப்பத்தைவிட ஈரப்பதம்தான். வியர்வை உலராது, அதனால் தாகம் தெரியாமலே நீர் வற்றும். தாயாருக்குப் பருத்தி உடை, உப்பிட்ட மோர், பதினொன்று முதல் மூன்று மணிவரை அறை அல்லது வண்டி. கொசுவர்த்தியும் எடுத்துச் செல்லுங்கள், குறிப்பாக வேதாரண்யத்துக்கு.

கேள்வி கேட்டவர்: காப்பித்தோட்டக் கணக்கர்

முடிவு செய்துவிட்டோம். சிதம்பரம், பிச்சாவரம், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரை. பூம்புகார் ஆவணிக்கு, மேலையூர்ச் செய்தி வந்தபிறகு. பஞ்சாங்கம் பார்த்ததில் மாசி மகம் நாங்கள் திரும்பிய பிறகே வருகிறது. தாயாரை ரயிலில் அனுப்பும் யோசனையை அவரே மறுத்துவிட்டார். வழியெல்லாம் பார்க்கத்தானே காரில் போகிறோம், ஆத்தூரில் இறங்கிக் காலை நீட்டிக்கொள்கிறேன் என்கிறார். திங்கட்கிழமைக்கும் சேர்த்து விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.